கறிக்குள் கிடந்த சன்னம்

அடிபட்டுப் புதருக்குள் ஓடி ஒளிந்த காட்டுப்பன்றிகளை நாயோடு தேடிப்போவது என் வேலை. அடர்ந்த புதரில் நீளத் துப்பாக்கியைத் திருப்ப முடியாது. பன்றி பாய்ந்தால் இடுப்பிலிருக்கும் ரிவால்வர்தான் காப்பாற்றும். அதற்குச் சன்னம் வாங்க, ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் பக்கத்தில், பீலெஃபெல்டில் உள்ள வேட்டைத் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். அம்மாவும் கூட வந்தார்.

கடைக்காரர் ஹார்ட்விக் என்னிடம் எதையும் கேட்கவில்லை. முனையில் குழி உள்ள சன்னப் பெட்டியை நீட்டினார். பட்டதும் விரியுமாம், பன்றி அந்த இடத்திலேயே விழுமாம், பெண்களுக்கு இது போதுமாம். பத்து வருடமாக வேட்டை உரிமம் வைத்திருக்கிறவள் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தட்டை முனை, கெட்டி ஈயம். விரியாமல் ஆழப் போவது," என்றேன். அவர் சிரித்தார்.

"உவர் என்னவாம், பிள்ளை?" என்று அம்மா கேட்டார். சொன்னேன்.

அம்மா கைப்பையிலிருந்து ஒரு கடுதாசிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே, காளான்போல் விரிந்த ஒரு குழி முனைச் சன்னம். போன கிழமை நான் சுட்ட பன்றியின் கறியில் அவர் பல்லில் கடிபட்டது. யாரோ எப்போதோ சுட்டது. தோள் கொழுப்பைத் தாண்டாமல் நின்றுபோக, மேலே சதை வளர்ந்து மூடியிருந்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் காட்டித் திரிகிறார்.

"விரிஞ்சது உண்மைதான். ஆனா பன்றி விழேல்லை எண்டு சொல்லு," என்றார். "என்ர பல்லுத்தான் விழப் பார்த்தது."

ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் சொன்னேன். ஹார்ட்விக் தட்டை முனைப் பெட்டியை எடுத்து வைத்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற கிழவர், தன் கையிலிருந்த குழி முனைப் பெட்டியை மெல்லத் திருப்பி வைத்தார்.