அணைந்த உலைக்கும் சீட்டு

"உலை அணைந்தால் சீட்டைத் திருப்பித் தர வேண்டும். அந்த ஒரு வரியை இரண்டாம் இணைப்பில் சேருங்கள்."

இதை மட்டும் கேட்டுவிடக் கூடாது என்று எனக்கு மூன்று முறை சொல்லியிருந்தார்கள். இரண்டு முறை வாயால், ஒரு முறை மின்னஞ்சலில். கைபேசி அடித்ததும் எழுந்து வெளியே போன என் மேலதிகாரி இன்ஜினியர் சார் நான்காம் முறையாக என் காதில் சொல்லிவிட்டுத்தான் போனார்: "என் நாற்காலியில உட்காரு, போதும். மைக்கைத் தொடாத."

தொட்டேன்.

இருபத்தேழு ஐரோப்பிய நாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்த அந்த அறையில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்து நாட்டுக்காரர் தன் பேனாவின் மூடியைக் கவனமாகத் திருகிக்கொண்டிருந்தார். தலைமை தாங்கிய அம்மாள் மட்டும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது உங்கள் நாட்டின் நிலைப்பாடா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து இன்ஜினியர் சாரின் கை நீண்டு மைக்கைத் தன் பக்கம் திருப்பியது.

"இல்லை. எங்களுக்குக் கருத்து எதுவும் இல்லை. என் உதவியாளர் புதியவர்."

மெல்லச் சிரித்தார்கள். பிரஸ்ஸல்ஸில் அந்தக் கட்டடத்துக்குள் எல்லாரும் மெல்லத்தான் சிரிப்பார்கள்.

ஆலை ஒன்று ஒரு டன் கரிப்புகை விட்டால் ஓர் அனுமதிச் சீட்டை அரசிடம் கொடுத்தாக வேண்டும். எஃகாலைகளுக்குப் பாதிக்கு மேல் சீட்டு இலவசம். கெடுபிடி செய்தால் மூட்டை கட்டிக்கொண்டு வேறு கண்டத்துக்குப் போய்விடுவார்களோ என்ற பயம்தான் காரணம். வரைவின் இரண்டாம் இணைப்பு சொன்னது இதுதான்: 'மறுசீரமைப்பில்' இருக்கும் ஆலைக்கு நான்கு ஆண்டுகளுக்கு இலவசச் சீட்டு குறையாது. உலை எரிந்தாலும் சரி, எரியாவிட்டாலும் சரி. எரியாத உலையில் புகை ஏது? அத்தனை சீட்டையும் சந்தையில் விற்றுக்கொள்ளலாம். எஃகு உருக்குவதைவிட உருக்காமல் இருப்பது லாபம். இது புரிய எனக்கு ஒரே ஒரு தடவை படித்ததே போதுமாக இருந்தது.

இணைப்பில் ஆலையின் பெயர் இல்லை. ஆனால் அதிலிருந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தால் மிஞ்சுவது ஒன்றுதான். ரூத்னோவ் எஃகாலை. என் ஊர். என் அப்பா முப்பத்தோரு வருஷமாக அந்த உலைக்கு முன்னால் நிற்கிறார். என் தம்பி நான்கு வருஷமாக.

தலைமை அம்மாள் கூட்டத்தை முடித்தார். "வரைவை மௌனத்தில் வைக்கிறோம். இன்று பிற்பகல் மூன்று மணி வரை."

அங்கே அதுதான் வழக்கம். வரைவு எல்லா நாட்டு அலுவலகங்களுக்கும் மின்னஞ்சலில் போகும். குறித்த நேரத்துக்குள் யாரும் வாயைத் திறக்காவிட்டால் எல்லாரும் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. ஒரே ஒரு நாடு ஒரு வரி எழுதினால் போதும், வரைவு நின்றுவிடும், திங்கட்கிழமை மறுபடி உட்கார வேண்டும். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. அன்று மாலை விமானத்தில் அமைச்சர்கள் உலகப் பருவநிலை மாநாட்டுக்குக் கிளம்புகிறார்கள். ஐரோப்பா எவ்வளவு புகையைக் குறைக்கும் என்ற எண்ணை மேடையில் சொல்லப்போகிறார்கள். அந்த எண்ணுக்கு எங்கள் நாடு தலையாட்டியதற்குக் கிடைத்த கூலிதான் இந்த இரண்டாம் இணைப்பு.

தாழ்வாரத்தில் இன்ஜினியர் சார் என்னைச் சுவரோரம் நிறுத்தினார். எங்கள் நாட்டில் படித்தவர்களைப் பட்டத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். மற்றபடி அவர் ஒரு திருகாணியைக்கூட முடுக்கியதில்லை.

"முந்நூறு பேர் விண்ணப்பம் போட்டாங்க. உன்னைத்தான் எடுத்தேன். ஞாபகம் இருக்கா?"

"எப்படி சார் மறக்கும்? மாசா மாசம் சொல்றீங்களே."

"வாய்!"

"அந்த இணைப்பை யார் எழுதினது சார்?"

"நம்ம அமைச்சகம்."

"நம்ம அமைச்சகத்துல யாருக்கும் இவ்வளவு நல்ல இங்கிலீஷ் வராதே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "இங்க பாரு ஹெத்விகா. அந்த எண்ணுக்காக இருபது வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டவங்க இருக்காங்க. ஒரு உலைக்காக அதைக் கவுத்தோம்னா நாளைக்கு நம்மகூட ஒருத்தன் காபி குடிக்க மாட்டான்."

"ரூத்னோவ் உலை அணைஞ்சா, அதுவும் அந்த எண்ணுலதானே சேரும்? புகையைக் குறைச்சுட்டோம்னு?"

"சேரும்."

"அப்ப எஃகு?"

"எங்கேருந்தாவது வரும்."

"அங்க மட்டும் புகை வராதா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "போய்ச் சாப்பிடு. உங்க அப்பா வந்திருக்கார்ல, போய்ப் பாரு."

அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆலை நிர்வாகம் மூன்று பேருந்து நிறைய ஆட்களை ஏற்றி அனுப்பியிருந்தது. ஆளுக்கு ஓர் ஆரஞ்சு மேல்சட்டை, ஒரு தலைக்கவசம், ஒரு விசில். 'ரூத்னோவைக் காப்பாற்று, வரைவை நிறைவேற்று' என்று எழுதிய துணியைப் பிடித்துக்கொண்டு கட்டடத்துக்கு எதிரே கத்திக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் என் வயதுப் பையன்கள். என்கூடப் பள்ளியில் படித்தவர்கள். முன்வரிசையில் துணியின் ஒரு முனையைப் பிடித்திருந்தான் என் தம்பி வின்கோ. என்னைப் பார்த்ததும் விசிலை இன்னும் பலமாக ஊதினான்.

அப்பா கூட்டத்திலிருந்து விலகி, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்திருந்தார். புகையிட்ட பன்றிக் கொழுப்பு, ரொட்டி, வெங்காயம். அம்மா கொடுத்தனுப்பிய கசகசா ரொட்டிச் சுருள் தனிப்பொட்டலம்.

"வாங்க பட்டதாரியம்மா. என்ன இப்படி இளைச்சுட்ட? இந்த ஊர்ல சாப்பாடு போட மாட்டாங்களா?"

"போடுவாங்கப்பா. சூப்பு ஒன்பது யூரோ."

"ஒன்பது யூரோவா? தங்கத்தையா கரைச்சு ஊத்துறாங்க?"

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே சொல்லக் கூடாத வரைவு அது. நான்கு ஆண்டு, சீட்டு, அணைந்த உலை, எல்லாம் சொன்னேன். அப்பா மடக்குக் கத்தியால் கொழுப்பை மெல்லிசாக நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"அணைக்கப் போறாங்கன்னு. ஆகஸ்ட்லயே உலைக்குப் போடற கோக் கரி வாங்கறதை நிறுத்திட்டானுங்க. உலைக்கு முன்னாடி நிக்கறவனுக்கு அதுகூடவா தெரியாது?"

"அப்புறம் எதுக்கு இங்க வந்து விசில் ஊதறீங்க?"

அவர் ஒரு துண்டை ரொட்டிமேல் வைத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"அம்பத்தஞ்சு தாண்டினவங்களுக்கு நாலு வருஷம் பாதிச் சம்பளம். ஓய்வூதியம் வர்ற வரைக்கும். இந்த வரைவு நிறைவேறினாத்தான். சங்கத்துல நாங்க கையெழுத்துப் போட்டுட்டோம்."

"எத்தனை பேரு?"

"நூத்திப்பத்து."

"மிச்ச ரெண்டாயிரம் பேர்?"

"இளவட்டம். ஆஸ்திரியா போவாங்க, ஜெர்மனி போவாங்க."

"அவங்களுக்குத் தெரியுமா?"

விசில் சத்தம் மரங்களுக்கு மேலாக வந்தது. அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"வின்கோவுக்குத் தெரியுமாப்பா? போன மாசம்தான் வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டான். நீங்கதானே சாட்சி?"

"கத்தாத."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது."

கத்தியைக் கால்சட்டையில் துடைத்து மடக்கினார். அவர் உள்ளங்கை முழுக்கப் பழைய தீக்காயத் தழும்பு. எனக்கு அவர்மேல் வந்த கோபம் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

"ஹெத்கா, இதுவரைக்கும் நான் உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல." வீட்டில் என்னைக் கூப்பிடும் செல்லப்பெயர் அது.

"இப்பவும் கேட்காதீங்க."

"கேக்கறேன். பசங்ககிட்ட சொல்லிடாத. எனக்கு முதுகு போயிடுச்சு. இன்னொரு இடத்துல என்னை எவன் எடுப்பான்?"

என்னைப் படிக்க வைத்ததை அவர் சொல்லிக்காட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சொல்லவில்லை. கசகசாச் சுருள் பொட்டலத்தை என் கைப்பையில் திணித்துவிட்டு, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கூட்டத்தை நோக்கிப் போனார்.

அலுவலகத்துக்கு நான் திரும்பியபோது மணி இரண்டு இருபது. இன்ஜினியர் சார் என் மேசைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். தன் அறையை விட்டுவிட்டு இங்கே ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை.

"மூணு மணிக்கு மேல ஒரு பியர் அடிக்கலாம். நல்ல சேதி வேற இருக்கு. உன் நிரந்தர வேலை ஆணை வந்தாச்சு. ஜனவரியிலேர்ந்து."

"இன்னிக்கா வந்துச்சு?"

"இன்னிக்குத்தான்."

"நல்ல நாள் பார்த்திருக்காங்க."

நாட்டின் பெயரால் போகும் மின்னஞ்சலைத் தினமும் நான்தான் கவனிக்கிறேன். திறந்தேன். இரண்டு நாற்பதுக்கு எழுதினேன்: எங்கள் நாடு மௌனத்தைக் கலைக்கிறது. உலை அணைந்தால் சீட்டுகளைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரியைச் சேர்க்கக் கோருகிறோம். அனுப்பினேன்.

அவர் கைபேசி அதிர்ந்தது. படித்தார். ஆப்பிளை மேசைமேல் வைத்தார். கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எந்திரி."

எழுந்தேன். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு விரலால் தட்டினார். முந்தைய அஞ்சல் தவறுதலாக அனுப்பப்பட்டது, எங்கள் நாட்டுக்கு மறுப்பு இல்லை. அனுப்பிவிட்டு எனக்குத் தெரியும்படி திரையைத் திருப்பினார். இரண்டு நாற்பத்தாறு.

"அவ்வளவுதான். முடிஞ்சுது. இந்த ஆறு நிமிஷத்துல ஒரு பன்னெண்டு நாட்டுக்காரங்க படிச்சிருப்பாங்க, சிரிச்சிருப்பாங்க, மறந்துடுவாங்க. நானும் உன் வயசைத் தாண்டி வந்தவன்தான். திங்கட்கிழமை வா, எதுவும் நடக்காத மாதிரி வேலையைப் பாரு. ஆணையைக் கிழிக்க மாட்டேன்."

அவர் உண்மையாகத்தான் சொன்னார். திங்கட்கிழமை நான் வருவேன், மேசை இருக்கும், சம்பளம் வரும். அம்மாவுக்குப் பணம் அனுப்பலாம். அப்பாவுக்குப் பாதிச் சம்பளம் வரும். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் வின்கோ, உலையைக் காப்பாத்திட்டோம்கா என்பான். நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னால் போதாது. உலை அணைகிற நாள்வரை ஒவ்வொரு ஞாயிறும் சொல்ல வேண்டும்.

அச்சுப்பொறிக்குப் போனேன். இரண்டாம் இணைப்பு மூன்று பக்கம்தான். அவர் கைபேசியில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். தாள்கள் வெளியே வரும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார்.

"அது என்ன?"

"இணைப்பு."

"எதுக்கு?"

தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினேன். இன்னும் சூடாக இருந்தன.

"ஹெத்விகா, அது வெளிய போகக் கூடாத தாள். வேலை மட்டும் போகாது, வழக்கு வரும். உங்க அப்பா அங்கதான் நிக்கறார், யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார்."

மின்தூக்கி ஏழாவது மாடியில் நின்றிருந்தது. காத்திருக்கவில்லை, படியில் இறங்கினேன். மேலேயிருந்து என் பெயர் இரண்டு முறை கேட்டது. அந்த இங்கிலீஷை வின்கோவுக்கும் மற்றப் பசங்களுக்கும் எங்கள் ஊர்ப் பேச்சில் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு வரியாக மனதுக்குள் மாற்றிக்கொண்டே, கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே நடந்தேன்.