எங்கள் வீட்டைப் பார்த்து வைத்த ரேட்

என் கொழுந்தன் வந்து இறங்கிய அன்றே எனக்குப் பிடிக்கவில்லை. கம்பெனி அவனுக்கு ஓட்டல் அறைக்குப் பணம் கொடுத்திருந்தது. அவனோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, "அண்ணன் வீடு இருக்கும்போது ஓட்டல் எதுக்கு அண்ணி?" என்று பல்லைக் காட்டினான். ஓட்டல் காசு அவன் பைக்குப் போகும், சமையல் என் தலையில் விழும்.

எங்களுக்கு ஒரே ஒரு டாக்ஸி. பகலில் நான் ஓட்டுவேன், சாயங்காலத்துக்கு மேல் என் புருஷன் ஓட்டுவார். அவர் சீட்டைப் பின்னால் தள்ளுவார், நான் முன்னால் இழுப்பேன். எங்கள் வீட்டுச் சண்டையில் பாதி அந்த சீட்டில்தான் ஆரம்பிக்கும். கொழுந்தன் வேலை பார்க்கும் கம்பெனியின் ஆப்பில்தான் எங்களுக்குச் சவாரி வருகிறது. அவன் இருக்கும் பெரிய நகரத்தில் கிலோமீட்டருக்கு என்ன கட்டணமோ, இத்தனை நாளும் இங்கேயும் அதேதான். இனி அப்படி இல்லையாம். ஒவ்வோர் ஊரிலும் குடும்பம் நடத்த எவ்வளவு ஆகிறது என்று பார்த்து, ஊருக்குத் தகுந்த மாதிரி ரேட் வைப்பார்களாம். எங்கள் ஊரைப் பார்த்துச் சொல்ல வந்தவன்தான் இவன்.

ரேட் குறைந்தால் வண்டிக்குத் தவணை கட்ட முடியாது, வண்டி போய்விடும். வண்டி போனால் நான் மறுபடியும் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று, மடித்ததை விரித்து, விரித்ததை மடிக்க வேண்டும். அந்தக் கடை வாசலை இந்த ஜென்மத்தில் மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தவள் நான்.

சாப்பிட உட்கார்ந்ததும் கொழுந்தன் லேப்டாப்பைத் தட்டுக்குப் பக்கத்தில் திறந்து வைத்தான்.

"அண்ணே, இங்க வீட்டு வாடகையெல்லாம் எப்படி?"

"அதை ஏன்டா கேக்குற? உங்க ஊர்ல ஒரு ரூமுக்குக் கொடுக்கறதுல இங்க மாடி வீடே கிடைக்கும்" என்றார் என் புருஷன். பீரோ கதவைத் திறக்கக் கட்டிலை நகர்த்த வேண்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்.

"பாப்பாவோட ஸ்கூல் ஃபீஸ்?"

"அதெல்லாம் ஒரு காசா?"

போன வாரம்தான் பள்ளிக்கூட வாசலில் நின்று தவணை கேட்டுவிட்டு வந்தார். தம்பி படித்தவன், ஆபீஸில் உட்காருகிறவன். அவன் முன்னால் ஒரு படி இறங்கிவிடக் கூடாது என்பது இவருக்குப் பிறவி வியாதி.

"வண்டி ரிப்பேர் செலவு?"

"நம்ம மெக்கானிக் என்கிட்ட கூலியே வாங்க மாட்டான்டா. அவ்ளோ மரியாதை."

நான் குறுக்கே புகுந்தேன். "தம்பி, அதையெல்லாம் டைப் பண்ணாதீங்க. இவரு சும்மா..."

"நீ போய் மீன் எடுத்துட்டு வா" என்று என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார்.

"எவ்ளோ பெரிய மீன்! எங்க ஊர்ல இதையெல்லாம் நெனைச்சே பார்க்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே கொழுந்தன் அதையும் லேப்டாப்பில் தட்டினான். அவனுக்காக வாங்கிய மீன் அது. எங்களுக்குக் குழம்புதான்.

அவன் குளிக்கப் போன சமயம் பார்த்துப் புருஷனைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்குப் புத்தி இருக்கா? அவன் ரேட் வைக்க வந்திருக்கான், பொண்ணு பார்க்க வரல."

"என் தம்பிடி அவன். எனக்குக் கெடுதல் பண்ணுவானா?"

"உங்க தம்பிங்கறதாலதான் பயமா இருக்கு."

மறுநாள் அவனை ஊர் சுற்றிக் காட்டியதும் நான்தான். வண்டியில் வைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். "உங்க அண்ணன் சொன்னதை நம்பாதீங்க தம்பி. வாடகை அவர் சொன்னதைப் போல ரெண்டு மடங்கு. உங்க ஊர்ல ஒரு ஆள் இறங்குற எடத்துலயே அடுத்த ஆள் ஏறுவான். இங்க காலி வண்டியாத்தான் திரும்பணும். அந்தப் பெட்ரோல் யாரு கணக்கு?"

கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. சிரித்தான். "அண்ணன் போய் என்கிட்ட பொய் சொல்வாரா அண்ணி?"

அடுத்த வாரம் டிரைவர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். பெட்ரோல் பங்க் பின்னால் இருந்த அறையில் முக்கால்வாசிப் பேர் நின்றுகொண்டிருந்தோம். சுவரில் பெரிதாகப் படம் ஓட்டினான் கொழுந்தன். ஒரு பக்கம் அவன் ஊர், ஒரு பக்கம் எங்கள் ஊர். எங்கள் பக்கத்தில் 'மாதிரிக் குடும்பம்' என்று போட்டு, வாடகை, பள்ளிக்கூடம், ரிப்பேர், சாப்பாடு என்று வரிசையாக என் புருஷன் அவிழ்த்துவிட்ட அத்தனை புளுகும் இருந்தது. அதனால் கிலோமீட்டர் ரேட்டில் மூன்றில் ஒரு பங்கு குறைப்பு. புக்கிங் ஃபீஸ் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றே. ரேட்தான் எங்களுக்கு வரும், புக்கிங் ஃபீஸ் மொத்தமும் கம்பெனிக்குப் போகும்.

"புக்கிங் ஃபீஸ் ஏன் குறையல?" என்று கத்தினேன்.

"அது சாஃப்ட்வேர் செலவு அண்ணி. எல்லா ஊருக்கும் ஒண்ணுதான்."

"டயரும் எல்லா ஊருக்கும் ஒண்ணுதான். பெட்ரோலும் ஒண்ணுதான். உங்க சாஃப்ட்வேருக்கு மட்டும் வயிறு சுருங்காதா?"

சிரிப்பு எழுந்தது. நான் விடவில்லை. "அந்த மாதிரிக் குடும்பம் எங்க குடும்பம்தான். அதுல இருக்கறது அத்தனையும் பொய்!"

அறை முழுக்க என் புருஷனைத் திரும்பிப் பார்த்தது. கொழுந்தன் மெதுவாகக் கேட்டான். "அண்ணே, நீ பொய்யா சொன்ன?"

ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்று சொன்னால் அந்தப் படமே செல்லாமல் போகும். அவர் தம்பியைப் பார்த்தார், சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"நான் சொன்னது சொன்னதுதான்" என்றார்.

அன்றிலிருந்து ஸ்டாண்டில் அவருக்கு 'மாடி வீடு' என்று பெயர். அவர் வண்டிக்கு முன்னால் ஒருவரும் நின்று பேசுவதில்லை. நானும் வீட்டில் பேசவில்லை. புது ரேட்டில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தோம். தவணைக்கு எடுத்து வைத்தால் வாடகைக்கு இல்லை, வாடகைக்கு எடுத்து வைத்தால் தவணைக்கு இல்லை.

வாடகைக்கு வீட்டு ஓனர் வாசலில் வந்து நின்றார். நான் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தேன்.

"மாடி வீட்டுக்காரரே! வாடகை பாதிதான்னு சொன்னீங்கல்ல? வந்து அந்தப் பாதியைக் கொடுத்து அனுப்புங்க."

வந்தார். ஓனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. போனை எடுத்து, எனக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ, ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி... நான் அன்னைக்குச் சொன்னதெல்லாம் சும்மாடா. எல்லாமே பொய். நெஜத்துல ரொம்பக் கஷ்டம். ஆபீஸ்ல சொல்லி மாத்திக் கொடுடா."

பத்து வருஷ வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து கஷ்டம் என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை.

"தெரியும்ணே" என்றான் கொழுந்தன்.

"என்னடா தெரியும்?"

"பொய்னு தெரியும். வேற எந்த டிரைவர் வீட்டுக்குப் போயிருந்தாலும் மூக்கைச் சிந்தியிருப்பான். கம்பெனிக்கு வேண்டிய மாதிரி எல்லாமே சீப்புன்னு என்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொல்றவன் நீ ஒருத்தன்தான். அதான் ஓட்டலுக்குக்கூடப் போகாம நேரா உன் வீட்டுக்கு வந்தேன். இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே."

என் புருஷன் போனைப் பிடித்தபடியே நின்றார். அவரை நான் திட்டாத நாள் கிடையாது. அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த வெறியில் ஒரு துளிகூட அவர் மேல் இல்லை. போனைப் பிடுங்கினேன்.

"அண்ணி பேசுறேன். அடுத்த தடவை வந்தா ஓட்டல்லயே தங்கிக்கோ. இங்கதான் எல்லாம் சீப்பாச்சே."

கட் பண்ணினேன். வாசலில் ஓனர் செருமினார்.

"வாடகை?" என்றார்.