முதல் பீஸ் பாஸ்

எனக்குக் கோபம் மூக்கு மேல இருக்கும்னு புனே ஆகுர்டில பாதிப் பேருக்குத் தெரியும். இருக்கட்டும். பிரேக் பார்ட்ஸ் செய்யற கம்பெனில இன்ஸ்பெக்‌ஷன் ரூம்ல உக்காந்திருக்கிறவளுக்குக் கொஞ்சம் கோபம் வேணும். பீஸ் வரும், அளப்பேன். சரியா இருந்தா டிக், இல்லைன்னா சிவப்பு டப்பா. பதினோரு வருஷமா இதுதான் என் வேலை. "ஜோசபின், இந்த ஒருதடவை விட்டுடேன்"னு எவன் வந்து பல்லைக் காட்டினாலும் நடக்காது.

என் மேஜைக்கு மேல ஒரு போர்டு மாட்டியிருக்கு. முதலாளி சோனியா மேடம் லண்டன்ல படிச்சவங்க, அங்கேருந்து கொண்டுவந்தது. 'நுல்லியுஸ் இன் வெர்பா'. லத்தீனாம். முந்நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி அந்த ஊரு விஞ்ஞானிங்க சங்கம் ஒண்ணு தனக்குன்னு வச்சுக்கிட்ட வாசகமாம். நம்ம தமிழ் ஆளுங்க அதுக்கு 'நல்லி போர்டு'ன்னு பேரு வச்சிட்டாங்க. நான் கேம்ப் ஏரியா சர்ச்சுல ஆரோக்கியசாமி ஃபாதர்கிட்ட அர்த்தம் கேட்டேன். "எவன் சொன்னாலும் சொன்னதுக்காக ஒத்துக்காதே, நீயே பாத்துக்கோன்னு அர்த்தம்மா"ன்னாரு. "அப்ப உங்க பிரசங்கம், ஃபாதர்?"னு கேட்டேன். "அதை வாரத்துக்கு ஒருநாள்தானே கேக்கற, மீதி ஆறு நாளும் அளந்துக்கோ"ன்னு சிரிச்சாரு.

என் வீட்டுக்காரர் ஜெயசீலன் அதே கம்பெனில மெஷின் ஆபரேட்டர். ஊரு விழுப்புரம் பக்கம். என்னைக் கட்டிக்கிட்டு ஏழு வருஷத்துக்கு முன்னாடி புனே வந்தாரு. நான் இங்கயே பொறந்தவ, மராத்தி எனக்குத் தண்ணி பட்ட பாடு. அவரு காதுல விழுந்ததை வச்சுக் கத்துக்கிட்டவரு. வீட்டுல உப்பு டப்பாவை எடுத்த இடத்துல வைக்க மாட்டாரு, எங்க வரச் சொன்னாலும் லேட்டாத்தான் வருவாரு. பாப்பா ஸ்கூல் மீட்டிங்குக்குக் கூட ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பூட்டின கேட்டைப் பாத்துட்டு நின்னாரு. எங்கம்மா அவருக்கு 'அசமந்தம்'னே பேரு வச்சிட்டாங்க. ஆனா மெஷின்ல நின்னா வேற ஆளு. கை அவ்வளவு சுத்தம்.

போன வியாழக்கிழமை புது பார்ட் ஒண்ணு ஓட்டணும். டிராயிங் ஒரே ஒரு காப்பி, அதுவும் என் ரூம்ல. சூப்பர்வைசர் சுனில் மெஷின் பக்கம் போய் வாயாலயே ஆழம் எவ்வளவுன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. எங்க வீட்டுக்காரரு மெஷினை செட் பண்ணி முதல் பீஸை எடுத்தாந்தாரு. முதல் பீஸை நான் அளந்து டிக் போட்டாத்தான் மீதி ஓடும், அதுதான் சட்டம்.

நான் அப்ப ஸ்கூல் வேன்காரன்கிட்ட ஃபோன்ல சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். "சுனில் சாஹேப் சொன்ன அளவுக்குக் கரெக்டா வச்சிருக்கேன், பாத்துக்க"ன்னு இவரு பீஸை மேஜைல வச்சாரு. நான் ஃபோனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அளக்கல.

மூணு மணிக்கு அசெம்ப்ளிலேருந்து கத்தல் கேட்டுச்சு. நானூத்தி இருபது பீஸும் குப்பை. ஆழம் ஒண்ணே முக்கால் மில்லிமீட்டர் இருக்கணும், இருந்தது ரெண்டே முக்கால்.

சுனில் குதிச்சாரு. "நான் சரியாத்தான் சொன்னேன். முதல் பீஸை ஜோசபின் பாஸ் பண்ணியிருக்கு, அப்ப அது சரியா இருந்திருக்கு. அதுக்கப்புறம் இவன்தான் எதையோ மாத்தியிருக்கான்!" மறுநாள் பதினோரு மணிக்கு மேடம் கேபின்ல விசாரணை. வேணும்னே கெடுத்தாருன்னு முடிவானா இவருக்கு வேலை போயிடும்.

சாயங்காலம் வீட்டுல டீ போட்டுக் குடுத்தேன். சுனில்தான் தப்பா சொல்லியிருப்பான்னு எனக்கு அப்ப வரைக்கும் ஆத்திரம். "அந்தாளு என்ன வார்த்தை சொன்னான்? அப்படியே சொல்லுங்க"ன்னேன்.

"பாவ்ணே தோன்னு சொன்னான்."

எனக்கு டம்ளர் கையில சுட்டதே தெரியல. மராத்தில பாவ்ணே தோன்னா ரெண்டுக்குக் கால் குறைச்சல், அதாவது ஒண்ணே முக்கால். சுனில் சரியாத்தான் சொல்லியிருக்கான்.

மெதுவாக் கேட்டேன். "ஏங்க, மத்தியானம் பாவ்ணே தோன்னா எத்தனை மணி?"

"ரெண்டே முக்கால். இது என்ன கேள்வி? பாவ்ணேன்னா முக்கால், தோன்னா ரெண்டு."

ஐயோ ஆண்டவரே! ஸ்கூல் மீட்டிங் பாவ்ணே தோனுக்குத்தான் வச்சிருந்தாங்க. ஏழு வருஷமா இந்த மனுஷன் யாரு 'பாவ்ணே'ன்னு நேரம் சொல்லி வரச் சொன்னாலும் அவங்க சொன்ன நேரத்துக்குச் சரியாப் போயிருக்காரு, ஒரு மணி நேரம் தள்ளி. எங்கம்மா சொன்னாங்கன்னு நானும் அசமந்தம்னு திட்டிக்கிட்டே இருந்திருக்கேன். ஒருநாள் கூட ஏன்னு கேட்டதில்ல.

அவரு பேசிக்கிட்டே இருந்தாரு. "நீ கவலைப்படாத ஜோசி. எனக்குப் புரிஞ்சு போச்சு. நீ டிராயிங்கைப் பக்கத்துல வச்சு அளந்து பாஸ் பண்ணியிருக்க. அப்ப அதுல ரெண்டே முக்கால்தான் இருந்திருக்கும். சுனில் அப்புறமா டிராயிங்கை மாத்திட்டான். நாளைக்கு மேடம்கிட்ட சொல்லப்போறேன், என் பொண்டாட்டி அளந்தா அளந்ததுதான்னு."

நான் எந்திரிச்சு சமையல் ரூமுக்குள்ள போயிட்டேன். உண்மையைச் சொல்ல வாய் வரல. ஊரையே மிரட்டற வாயி!

மறுநாள் கேபின்ல மேடம், சுனில், நாங்க ரெண்டு பேரு. என் ரெஜிஸ்டர் மேஜைல விரிச்சுக் கிடந்தது. சுனில் என் டிக்கைக் காட்டி, "இதுதான் சாட்சி"ன்னாரு. இவரும் அதே டிக்கைத் தொட்டுக் காட்டி, என் பொண்டாட்டின்னு உடைஞ்ச ஹிந்தில ஆரம்பிச்சாரு. "மேடம், மேரி பீவி..."

"நிறுத்துங்க"ன்னேன். ஹிந்திலயே மேடம்கிட்ட சொல்லிட்டேன். "சுனில் சொன்னது சரி. இவரு கேட்டதும் சரி, புரிஞ்சுக்கிட்டதுதான் தப்பு. பாவ்ணே தோன்னா ரெண்டே முக்கால்னு நினைச்சிட்டாரு. அதைப் பிடிக்கத்தான் நான் உக்காந்திருக்கேன். நான் அந்தப் பீஸை அளக்கவே இல்ல. டிக் பொய்."

மேடம் அந்தப் போர்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. சொல்லித் திட்டியிருந்தாத் தேவலை. "ஜோசபின், பீஸ் பாஸ் பண்ற உன் ஸ்டாம்பை இங்க வச்சிடு. நாளையிலேருந்து பேக்கிங்"னு மட்டும் சொன்னாங்க. ஜெயசீலனுக்கு வேலை இருக்குன்னாங்க. இனிமே எந்த அளவையும் எழுதித்தான் குடுக்கணும்னு சுனிலுக்கும் நல்லா திட்டு விழுந்துச்சு. அவ்வளவுதான். இவரு வேலை தப்பிச்சுதேன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு.

வெளில வந்ததும் இவரு என்னைக் கூட்டிக்கிட்டு வாட்டர் கூலர் பக்கம் போனாரு. கோபமா இல்ல. முகம்தான் வெளிறிப் போயிருந்தது.

"மத்தவன் பீஸையெல்லாம் அளப்பியா?"

"அளப்பேன். சத்தியமா அளப்பேன்."

"என்னோடது மட்டும்தான் அளக்கலையா?"

"நீங்க வச்சா சரியா இருக்கும்னு..."

"நேத்து ஒருநாள்தானா?"

நான் கூலர் குழாயைத் திறந்து மூடினேன்.

"ஜோசி, எத்தனை தடவை?"

"தெரியலங்க. அவசரமா இருக்கறப்ப எல்லாம்."

"நானும் நீ பாத்துக்குவன்னுதானே பாதி நேரம் பாக்காம விட்டேன்"ன்னாரு. "பிரேக்குடி அது. ரோட்டுல ஓடுது."

கண்ணைத் துடைச்சுக்கிட்டு, அளக்காம விட்ட மத்த பீஸையும் சொல்லிடணும்னு நான் திரும்பிப் போய் கேபின் கதவைத் தட்டினேன்.