இடிக்குருவியின் உயரம்

இடிக்குருவிக்கு ஏழு மாடிக் கட்டடத்தை ஒரு கையால் தூக்கும் வலு உண்டு. நேராக நிற்கும் பாக்கியம்தான் இல்லை. அட்டைப்படத்தில் அவளுடைய மார்பும் தெரியவேண்டும், பின்புறமும் தெரியவேண்டும், முகம் வேறு வாசகனைப் பார்க்கவேண்டும் என்பது காமிக்ஸ் கம்பெனியின் எழுதப்படாத சட்டம். மூன்றையும் ஒரே பக்கம் திருப்பவேண்டுமென்றால், துவைத்த துணியைப் பிழிவதுபோல் அவள் இடுப்பைப் பிழிந்தால்தான் உண்டு. அதே கம்பெனியின் ஆண் வீரர்கள் தபால் பெட்டி மாதிரி நேராக நின்று உலகத்தைக் காப்பாற்றினார்கள்.

இரண்டு வருடமாக அந்தத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள் ஹலினா வோய்ச்சிக். புரூக்ளினில் பிறந்து வளர்ந்த போலந்துக்காரப் பெண். ஒரே மூச்சில் நகரத்தையே வரைவாள். குதிரை மட்டும் வராது.

சேர்ந்த புதிதில் ஒருநாள், "பறக்கிறவளுக்கு எதுக்கு இவ்வளவு உயர ஹீல்ஸ் வச்ச பூட்ஸ்?" என்று எடிட்டர் கஸ்ஸிடம் கேட்டாள்.

"இறங்குறப்ப வேணுமே" என்றார் கஸ்.

கஸ் கெட்ட மனிதர் இல்லை. எடிட்டர் வேலையோடு இடிக்குருவிக்குக் கதை வசனமும் அவர்தான். இரண்டு கல்யாணம் செய்து, இரண்டிலிருந்தும் மரியாதையாக வெளியேற்றப்பட்டவர். அவர்தான் ஹலினாவுக்கு ஒரு வாக்கு கொடுத்தார். "அட்டையில நான் கேக்கிற மாதிரி வரைஞ்சு கொடு. இருபத்தஞ்சாவது இதழோட கடைசிப் பக்கம் உனக்கு. என்ன வேணும்னாலும் வரை."

ஹலினாவுக்கு என்ன வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. இடிக்குருவி வீட்டுக்குப் போகவேண்டும். வீட்டில் பியா இருக்கிறாள். பியா பல் டாக்டர். இடிக்குருவியின் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. பன்னிரண்டாவது இதழிலிருந்து இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். குளியலறையில் ஒரே டம்ளரில் இரண்டு பிரஷ். அவ்வளவுதான் காட்ட அனுமதி. வாசகர்களில் பாதிப்பேர் புரிந்துகொண்டார்கள். மேல்மாடியில் உட்கார்ந்திருந்த முதலாளி, பியாவை இடிக்குருவியின் அக்கா என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பக்கத்தை ஹலினா ஒரே பெரிய கட்டமாக வரைந்தாள். வாசலில் கழற்றிப் போட்ட பூட்ஸ் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. கம்பளிக் காலுறையின் ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்க்க, இடிக்குருவி பியாவை முத்தமிடுகிறாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவள் முதுகு நேராக இருந்தது. யாருடைய மார்பும் வாசகனை முறைக்கவில்லை. அதை வரைந்த அன்று ஹலினா பேனாவைக் கழுவி வைத்துவிட்டுத் தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மை போட்டாயிற்று, வண்ணம் பூசியாயிற்று. அச்சுக்குப் போகிற வாரம் கஸ் கூப்பிட்டனுப்பினார். அவர் மேசையில் கடித்த பேகல் ரொட்டி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. கஸ் சாப்பாட்டைப் பாதியில் விட்டால் செய்தி நல்லதில்லை.

"மேல்மாடியில கடைசிப் பக்கத்தைப் பாத்தாங்க" என்றார்.

"பிடிச்சிருந்ததா?"

"கலர் பிடிச்சிருந்ததாம்."

ஹலினா உட்காரவில்லை. "முத்தத்தை எடுக்கச் சொல்றாங்களா?"

"சே சே. இருந்துட்டுப் போகட்டும்னு சொல்றாங்க. கண்ணுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்."

மறுபடி வரைய நேரமில்லை. அந்தத் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு: வரைந்தவர் பாவத்தை வசனப் பலூன் மூடும். ஆறு விரல் விழுந்துவிட்டதா, மேலே ஒரு பலூன். கார் சக்கரம் முட்டை வடிவில் வந்துவிட்டதா, ஒரு பலூன். ஹலினாவின் குதிரைகள் எல்லாம் இரண்டு வருடமாகக் கால் தெரியாமல் வசனத்தின்மேல்தான் நின்றன. அந்தப் பலூன் இப்போது பாவமே செய்யாத இடத்தைத் தேடி வந்திருந்தது.

"இதை மூடினீங்கன்னா என் பேரை எடுத்துடுங்க" என்றாள். "அடுத்த அட்டைக்கும் வேற ஆளைப் பாருங்க."

"கோவப்படாத. முதல்ல கோரலீயைக் கூப்பிடு."

பலூன் வரைவதும் அதற்குள் எழுத்துப் பொறிப்பதும் கோரலீ பிரைத்வெயிட்டின் வேலை. பெற்றோர் பார்படாஸ்காரர்கள். அவளும் ஹலினாவும் ஒன்பது வருடமாக ஒரே வீட்டில், ஒரே கட்டிலில். ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். மேல்மாடி கேட்கவில்லை, யாரும் போய்ச் சொல்லவுமில்லை. தெரிந்திருந்தால் அவளையும் அக்காவாக்கியிருப்பார்கள்.

கோரலீ திரையில் பக்கத்தைத் திறந்தாள். கஸ் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"சின்னதா ஒரு வசனம் போடு. 'ஆஹா'ன்னு."

கோரலீ போட்டாள். 'ஆஹா' ஒரு மூக்கை மூடியது.

"எழுத்தைப் பெருசாக்கு."

"ஆக்கலாம். ரெண்டு மூக்கும் மறையும். வாய் அப்படியே இருக்கு. கூட 'ஆஹா'ன்னு கத்தவும் செய்யுது."

"அப்ப ஒரு சத்தம் போடுவோம். 'டமால்'! பக்கம் பூரா வரும்."

"ரெண்டு பேர் வாயோட வாய் வச்சிருக்காங்க கஸ். டமால்னா பல்லு உடைஞ்ச மாதிரி இருக்கும்."

"அவ பல் டாக்டர்தானே" என்றார் கஸ், கொஞ்சம் நம்பிக்கையோடு.

ஹலினா கூரையைப் பார்த்தாள்.

கடைசியில் கணக்கு தெளிவாயிற்று. முத்தம் முழுதாக மறைய வேண்டுமென்றால் பக்கத்தில் பாதியை அடைக்கும் பலூன் வேண்டும். வெற்றுப் பலூன் விட முடியாது. அதை நிரப்பப் பேச்சு வேண்டும், அதுவும் நிறைய. கதையில் பேச எதுவும் மிச்சமில்லை. முந்தின பக்கத்திலேயே வில்லனைக் கட்டி ஏற்றி அனுப்பியாயிற்று. கஸ் பென்சிலைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா பொம்பளைங்க என்னதான் பேசுவீங்க?" என்று கேட்டார். "ரெண்டு பொண்டாட்டி இருந்தும் எனக்குத் தெரியாம போச்சு. கோரலீ, நீயே எதையாவது நிரப்பிக் கொண்டா."

அன்று மாலை பனி பெய்தது. ஹலினா ரயிலடியிலிருந்து சேற்றுப் பனியை உதைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரி மனதில் தயாராக இருந்தது. முன்னாலேயே வந்துவிட்ட கோரலீ சமையலறை மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பியரோகி, போலந்துக் கொழுக்கட்டை, வெந்துகொண்டிருந்தது. ஹலினாவின் அம்மா அறிந்தால் மயங்கி விழும் அளவுக்கு, பக்கத்திலேயே பார்படாஸ் மிளகாய்ச் சாந்து.

"பூட்ஸை வாசல்லயே கழட்டுடி. இப்பதான் தரையைத் துடைச்சேன்."

"கழட்டிட்டுத்தானே இருக்கேன்."

"உள்ள வந்துல்ல கழட்டிட்டு இருக்க."

"என் பொழப்பே போகுது, உனக்குத் தரை முக்கியமா?"

"பொழப்பு போனா நாளைக்குப் பாத்துக்கலாம். தரை இன்னிக்கே நாறும்." கோரலீயின் விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. "பூனைக்கு மருந்து கொடுத்தியா?"

"நீ கொடுப்பேன்னு நினைச்சேன்."

"நான் கொடுத்தா என்னைத்தானே பிறாண்டுது."

"கொடுக்கிறப்ப பாட்டுப் பாடாத. அது பாட்டுக்குத்தான் பிறாண்டுது. அப்புறம் இந்த டீப் பையைப் பிழிஞ்சு பிழிஞ்சு சிங்க்லயே போடுறியே, எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"அது என்னுது இல்லடி, உன்னுது."

ஹலினா சிங்க்கை எட்டிப் பார்த்தாள். யோசித்தாள். "ஒன்பது வருஷமாவா?"

"ஒன்பது வருஷமா. நேத்து ராத்திரி போர்வை முழுக்க இழுத்துக்கிட்டதும் நீதான்."

"நீ குறட்டை விட்ட. ஒரு காதையாவது மூட வேண்டாமா?" அப்போதுதான் ஹலினா கவனித்தாள். "நான் பேசிட்டு இருக்கேன், நீ என்னத்தைத் தட்டிட்டு இருக்க?"

"வசனம்."

"எதுக்கு?"

"பாதிப் பக்கத்துக்குப் பேச்சு வேணும்னாரு. இவ்வளவு பேச்சு வேற எங்கடி கிடைக்கும் எனக்கு?"

ஹலினாவுக்கு அழுகை வரும்போல் இருந்தது. இரண்டு வருடம் முதுகெலும்புகளை முறுக்கிச் சேர்த்த முத்தத்தின்மேல் டீப் பை விழப்போகிறது. கோரலீ அவள் தட்டில் பியரோகிகளை வைத்து, "முதல்ல சாப்பிடு. ராஜினாமாவை வயிறு நிறைஞ்சு எழுதினா எழுத்து நல்லா வரும்" என்றாள். சாப்பிட்ட பிறகு ஹலினாவுக்குத் தூக்கம்தான் வந்தது.

மறுநாள் காலை பலூன் தயாராக இருந்தது. முத்தம் அதற்குப் பின்னால் முழுதாக மறைந்து, கீழே காலுறை ஓட்டை மட்டும் தெரிந்தது. கஸ் கண்ணாடியை மூக்கில் இறக்கி, ரயில் நேரம் அறிவிப்பவர் குரலில் வாசித்தார்.

"'உலகத்தைக் காப்பாத்திட்டேன் பியா.' 'சந்தோஷம். பூட்ஸை வாசல்லயே கழட்டு.' 'பூனைக்கு மருந்து கொடுத்தியா?' 'நீ கொடுப்பேன்னு நினைச்சேன்.' 'சிங்க்ல டீப் பை யாரோடது?' 'உன்னோடது. நேத்து போர்வை பூரா இழுத்துக்கிட்டதும் நீதான்.' 'நீ குறட்டை விட்ட...'"

நடுவில் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து மனதுக்குள் படித்தார்.

"என் ரெண்டாவது கல்யாணம் இவ்வளவு நல்லா இல்ல" என்றார். பிறகு தாளை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனார்.

காபி ஆறுவதற்குள் திரும்பி வந்தார். கோரலீயின் மேசை முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"பலூனை எடுத்துடு."

"எடுத்துட்டு எதைப் போட?"

"எதையும் போட வேண்டாம். முத்தமே இருக்கட்டுமாம்."

ஹலினா தன் இடத்திலிருந்து எழுந்து வந்தாள். "என்ன ஆச்சு?"

கஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "படிச்சாரு. முகமே வெளுத்துப் போச்சு மனுஷனுக்கு. 'முத்தம்னா சமாளிச்சிடலாம் கஸ், ஏதோ உலகம் பிழைச்ச சந்தோஷம், ஒரு வேகத்துல நடந்துடுச்சுன்னு சொல்லிடலாம். போர்வைக்குச் சண்டை போடுறதை என்னன்னு சொல்லிச் சமாளிக்கிறது? இவங்க குடும்பமே நடத்துறாங்களே!'ன்னாரு. கடைசியா, 'அப்ப அவ அக்கா இல்லையா?'ன்னு வேற கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தூரத்துச் சொந்தம்னேன்."

கோரலீ ஒரு பொத்தானை அழுத்தினாள். பலூன் மறைந்தது. இடிக்குருவி மறுபடி ஓட்டைக் காலுறையோடு நின்று, அவசரமே இல்லாமல் முத்தமிட்டுக்கொண்டிருந்தாள். ஹலினா சிரித்தாள். சிரித்துவிட்டுச் சட்டென்று முகம் சுருக்கினாள். அவளுக்கே நம்பமுடியாத ஒன்று நடந்தது: டீப் பை இல்லாமல் பக்கம் வெறிச்சென்று இருந்தது.

"கஸ், ஒரே ஒரு வரி. வாசல் பக்கத்துல, ஓரமா. முத்தத்து மேல படாது."

"எந்த வரி?"

"பூட்ஸை வாசல்லயே கழட்டு."

கஸ் யோசித்தார். "அதுல என்ன இருக்கு? சுத்தம்தானே" என்று சொல்லி, பேகலைத் தேடி எடுத்தார்.

புதன்கிழமை புது இதழ்கள் கடைக்கு வரும் நாள். சில மாதங்கள் கழித்து ஒரு புதன்கிழமை, ஹலினாவும் கோரலீயும் ஏழாவது அவென்யூ காமிக்ஸ் கடைக்குப் போய், வாடிக்கையாளர்கள்போல் நடித்துக்கொண்டு நின்றார்கள். அங்கே டுவைட் என்றொரு தாடிக்காரன் உண்டு. ஒவ்வொரு இதழையும் முந்தைய இதழ்களோடு ஒப்பிட்டுப் பிழை பிடிப்பதைத் தவமாகச் செய்பவன். ஹலினாவின் குதிரைகளைப் பற்றி அவனுக்கு மட்டும் சந்தேகம் இருந்தது.

டுவைட் அலமாரி முன்னாலேயே கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். பிறகு ஹலினாவை அடையாளம் கண்டு, நேரே நடந்து வந்தான். அவன் விரல் முத்தத்தின்மேல் இருந்தது.

"இது தப்பு" என்றான்.

கோரலீ ஒரு அடி முன்னால் வந்தாள். "என்னப்பா தப்பு?"

"உயரம். பன்னெண்டாவது இதழ்ல இடிக்குருவி பியாவைவிட ஒரு தலை உயரம். இங்க பியா உசரமா இருக்கா. முத்தம் கொடுக்க இவ எக்கி நிக்கிறா. இதுக்கு யாரு பதில் சொல்றது?"

"வேற ஒண்ணும் தப்பா தெரியலையா உனக்கு?" என்று ஹலினா மெதுவாகக் கேட்டாள்.

டுவைட் மறுபடி பக்கத்தைச் சலித்துப் பார்த்தான். "காலுறை ஓட்டை. அது பரவாயில்ல, பறக்கிறவளுக்குத் தேயும்."

"பூட்ஸ் கழட்டிட்டாப்பா" என்றாள் ஹலினா. "அது ஹீல்ஸோட உயரம். இதுதான் அவ உயரம்."

டுவைட் வாசலில் கிடந்த பூட்ஸைப் பார்த்தான். அதன் ஓரத்து வரியைப் படித்தான். அவன் முகத்தில் பெரிய நிம்மதி பரவியது. உடனே கவலையும் வந்தது.

"அப்ப இத்தனை நாளா அதைப் போட்டுக்கிட்டா சண்டை போட்டா? முதுகு என்னத்துக்கு ஆகும்!"

"அதைத்தான் நானும் ரெண்டு வருஷமா கேக்கிறேன்" என்றாள் ஹலினா.

டுவைட் இரண்டு பிரதி வாங்கினான்: ஒன்று படிக்க, ஒன்று பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்த. கல்லாவில் நின்றவனிடம் உயரத்தின் நியாயத்தைத் தானே கண்டுபிடித்ததுபோல் விளக்கிக்கொண்டிருந்தான்.

கோரலீ திரும்பும் வழியெல்லாம், "குட்டை, குட்டை" என்று ஹலினாவின் தோளை இடித்துக்கொண்டே வந்தாள். தெருவில் மழை பிடித்துக்கொண்டது. வீடு வந்ததும், கோரலீ வாயைத் திறப்பதற்கு முன்பே ஹலினா நல்ல பிள்ளையாகப் பூட்ஸைக் கழற்றினாள்.

உள்ளே வந்துதான்.