வேகம் கொடுக்கச் சொன்னார்கள்

கலையரசி எண்ணூறு மீட்டர் ஓடினால் கடைசி இருநூறில் பார்க்கிறவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள் என்று அந்த நாளில் பாளையங்கோட்டையில் ஒரு பேச்சு உண்டு. விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் வேலை பார்த்த அம்மா மாரிக்கண்ணுவுக்கு ஒரே மகள். தகப்பன் அவளுடைய ஐந்து வயதிலேயே தவறிவிட்டார். கல்லூரியில் படித்த மூன்று வருடமும் பல்கலைக்கழகப் போட்டியில் அவள்தான் முதல்; எண்ணூறிலும் சரி, ஆயிரத்து ஐநூறிலும் சரி.

2006-ல் மண்டலத் தேர்வுப் போட்டி வந்தது. முந்தின நாள் சாயங்காலம் பயிற்சியாளர் எலியேசர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

“நாளைக்கு நீ டார்லினுக்கு வேகம் கொடுக்கணும்னு கமிட்டியில சொல்லுதாங்க. முதல் ஐநூறு மீட்டர் முன்னால இழுத்துட்டுப் போ. அப்புறம் விலகிரு.”

டார்லின் கடற்கரை ஊர்க்காரி. நல்ல ஓட்டக்காரிதான். ஒரு கம்பெனி அவள் படத்தைப் போட்டு விளம்பரம்கூட அடித்துவிட்டது. தேசிய முகாமுக்குப் போக அவள் இரண்டு நிமிடம் எட்டு வினாடிக்குள் ஓடியாக வேண்டும்.

“அப்போ நான் எப்ப சார் முகாமுக்குப் போக?”

“அடுத்த வருசம் எடுப்பாங்க. வாக்கு கொடுத்திருக்காங்க.”

“யார்ட்ட கொடுத்தாங்க?”

எலியேசர் விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். கலையரசி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் முதல் சுற்றை அறுபத்திரண்டு வினாடியில் இழுத்தாள். டார்லின் ஒரு கை தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். ஐநூறு மீட்டர் குறியருகே எலியேசர் நின்று கையை அசைத்தார். விலகு, விலகு. கலையரசிக்கு மூச்சு மிச்சமிருந்தது. கால்கள் இன்னும் கேட்டன. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒருத்தி எதற்காக நிற்க வேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை. எலியேசரைத் தாண்டிப் போனாள். கடைசி வளைவில் டார்லின் வெளிப்பக்கமாக ஏறிவந்தாள். தோளோடு தோளாகப் பத்து எட்டு வைத்தார்கள். பிறகு கலையரசி மட்டும் முன்னால் இருந்தாள்.

கோட்டைத் தாண்டியபோது இரண்டு நிமிடம் ஆறு வினாடி. டார்லினுக்கு ஏழு. இருவருமே தகுதிக்குள்தான். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையைக் கமிட்டித் தலைவரால் பொறுக்க முடியவில்லை. மத்தியானம் முடிவுப் பலகையில் கலையரசி பெயரைக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். வளைவில் டார்லினை முழங்கையால் இடித்தாளாம். விசாரணை என்று ஒன்று நடந்தது; இரண்டு வருடம் தடை. வருத்தம் தெரிவித்துக் கையெழுத்துப் போட்டால் ஆறு மாதத்தில் தடையை எடுத்துவிடுவதாகச் சொல்லி, தட்டச்சு செய்த தாளையும் அவர்களே அனுப்பினார்கள்.

“போட்டுரு கலை,” என்றார் எலியேசர். “ஓட்டந்தான முக்கியம்.”

தாளை அம்மாவிடம் கொண்டுபோனாள். மாரிக்கண்ணு ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சு ஒட்டியிருக்க, எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“‘நான் செய்த தவறுக்கு’ன்னு போட்டிருக்கு. நீ என்னட்டி தப்பு செஞ்ச?”

“ஜெயிச்சேன்.”

“இடிச்சியா?”

“இல்லம்மா.”

“அப்போ அதை எழுதிக் கொடு.”

கலையரசி அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதினாள்: ‘நான் யாரையும் இடிக்கவில்லை. ஜெயித்ததற்கு எனக்கு வருத்தமும் இல்லை.’ தடை நான்கு வருடமாயிற்று.

அந்த நான்கு வருடமும் அவள் ஓடாமல் இல்லை. கோயில் கொடை, சர்ச் திருவிழா, கட்சிக்காரர்கள் நடத்துகிற ரோட்டு ஓட்டம், எதையும் விடவில்லை. வீட்டில் பரிசாகக் குத்துவிளக்கும் மிக்சியும் சேர்ந்தன. தடை முடிந்து மைதானத்துக்குத் திரும்பிய இரண்டாம் வாரம் குதிகால் நரம்பு அறுந்தது. தரையில் உட்கார்ந்து அன்று ஒருநாள் வாய்விட்டு அழுதாள். அதோடு பந்தயம் முடிந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் டார்லினுக்கு ரயில்வே வேலை கிடைத்திருந்தது. கலையரசி பஸ் கண்டக்டர் ஆனாள். அம்பாசமுத்திரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தவரைக் கட்டிக்கொண்டாள். ஒரு மகள் பிறந்தாள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகிற பஸ்ஸில் டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தவள், பட்டுச்சேலையில் ஜன்னலோரம் இருந்த பெண்ணிடம் நின்றாள்.

“எங்க போணும்?”

“விக்கிரமசிங்கபுரம். ஒரு கல்யாணம்…” நிமிர்ந்த டார்லினின் முகம் மாறிவிட்டது. “ஏட்டி, கலையரசிதான நீ?”

சேரன்மகாதேவி தாண்டிக் கூட்டம் குறைந்ததும் டார்லினே பக்கத்தில் இடம் ஒதுக்கினாள். கலையரசி உட்காரவில்லை, கம்பியைப் பிடித்து நின்றாள்.

“அன்னைக்கு நீ என்னைத் தொடவே இல்ல,” என்றாள் டார்லின். “விசாரணையில கேட்டாங்க. ஞாபகம் இல்லன்னுட்டேன். அது இன்னும் எனக்கு உறுத்துது கலை.”

“பரவாயில்லன்னு சொல்லுவேன்னு பாக்கியா? நான் சொல்ல மாட்டேன்.”

டார்லின் கண்ணைத் துடைத்தாள்.

“இப்ப என்ட்ட சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு.”

“பதினெட்டு வருசம் ஆச்சு. எனக்கு வேலை இருக்குல்லா, கேள்வி வரும்.”

“எனக்குக் கிடைக்க வேண்டிய வேலை போச்சுல்லா.”

விக்கிரமசிங்கபுரத்தில் டார்லின் இறங்கிப் போனாள். கலையரசி விசில் கொடுத்தாள். ஒன்பதாம் நாள் பணிமனைக்கு ஒரு பதிவுத்தபால் வந்தது. இரண்டு பக்கம், டார்லின் கையெழுத்து, கீழே வக்கீல் முத்திரை.

அதை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் இருந்த தடகளக் கூட்டமைப்பு அலுவலகத்துக்குப் போனாள். ஓய்வு நாள் வரும்போதெல்லாம் போனாள். பழைய தலைவர் எப்போதோ ஓய்வு பெற்றிருந்தார். புதுச் செயலாளர் முத்துசுப்பிரமணியன் நல்ல மனிதர். ஆனால் பழைய தாளைத் தொட அவருக்குப் பயம்.

“ஆண்டு விழாவுல உங்களுக்கு ஒரு சால்வை போட்டு மரியாதை செஞ்சிருதோம், அம்மா.”

“சால்வை வேண்டாம் சார். முடிவைத் திருத்துங்க.”

“அது யாருக்கு இப்ப ஞாபகம் இருக்கு?”

“எனக்கு இருக்கு. டார்லினுக்கு இருக்கு. ஓடுனது நாங்க ரெண்டு பேருந்தான.”

எட்டாவது மாதம் கூட்டம் போட்டுத் திருத்தினார்கள். 2006, மகளிர் எண்ணூறு மீட்டர், முதலிடம், கலையரசி. செயலாளர் நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார். அவருக்கே சந்தோஷம்.

கலையரசி நின்றபடியே இரண்டு தடவை வாசித்தாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இன்னும் என்னம்மா? அதான் கிடைச்சிட்டுல்லா?”

“நான் இடிக்கலன்னு ஆயிட்டுல்லா, சார். அப்போ நாலு வருசத் தடை எதுக்கு? அதுவும் தப்புன்னு எழுதிக் கொடுங்க.”

“அந்த உத்தரவு போட்டவரே இப்ப பதவியில இல்லையே.”

“அவர் போயிட்டாரு. ஃபைல் உங்க பீரோவுலதான இருக்கு.”

முத்துசுப்பிரமணியன் நாற்காலியை விட்டு எழுந்தார். பீரோ சாவியைத் தேடத் தொடங்கினார்.