மேலே நின்றவர்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையின் பின்கட்டில் கேள்வி நேரம் நடக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொள்வார்கள். யாரும் எதையும் கேட்கலாம். போதகர் பதில் சொல்வார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்த கேள்வியை முதலில் தன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்வார். "இதைத்தானே கேக்குறீங்க?" என்பார். கேட்டவர் தலையாட்டிய பிறகுதான் பதிலுக்குப் போவார். திருப்பிச் சொன்னதிலேயே பாதிக் கேள்வி அடங்கிப்போகும்.

சூப்பர்வைசர் கதவோரம் உட்கார்ந்திருந்தான். அவனாக வரவில்லை. அவன் தங்கச்சி வரப்போகிறாள் என்று தெரிந்ததும் மனைவிதான் கிளப்பிக்கொண்டு வந்தாள்.

"நாம போகலேன்னா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. வந்து உக்காருங்க. வாயை மட்டும் திறக்காதீங்க."

தங்கச்சி நேரெதிரே, சன்னல் பக்கம் இருந்தாள். புருஷனைப் புதைத்து இன்னும் மாதம் திரும்பவில்லை. அண்ணன் வந்ததை அவள் பார்த்தாள்.

மறுநாள் காலை தொழிற்சாலையில் விசாரணை. வெளியிலிருந்து அதிகாரி வருகிறார். அவர் கேட்கப்போவது ஒரே விஷயம்தான். கழிவுநீர்த் தொட்டிக்குள் செத்துப்போன அந்த ஆள் எப்படி இறங்கினான்?

தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் உள்ளே இருக்கும் காற்றைக் கருவி விட்டுச் சோதிக்க வேண்டும். சோதித்த பிறகு சூப்பர்வைசர் "இறங்கலாம்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் ஏணியில் கால் வைக்கலாம். அன்றைக்குக் கருவி அலுவலகத்தில் சார்ஜில் கிடந்தது. சின்ன அடைப்பு. முந்தின நாள்கூட இறங்கி ஏறிய தொட்டி.

"இறங்கு மாப்ளே, எடுத்து விட்டுட்டு ஏறிடு" என்றான் சூப்பர்வைசர்.

தங்கச்சி புருஷன் ஏணியில் ஒரு கால் வைத்துக்கொண்டு சிரித்தான். "மேலேயே நில்லுங்க மச்சான். டீக்கு நழுவிடாதீங்க."

அவன் நழுவவில்லை. மேலேயேதான் நின்றான். மாப்பிள்ளை ஏணியின் பாதியில் கையை விட்டதைப் பார்த்தான். முகமூடி எடுக்க ஓடினான். முகமூடி இல்லாமல் பின்னாலேயே குதித்திருந்தால் இரண்டு சவமாகியிருக்கும். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அது உண்மையும்கூட. அதற்கு முந்தியதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மேனேஜர் மட்டும் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "நீங்க டீக்குப் போயிருந்தீங்க. நீங்க வர்றதுக்குள்ள அவரா இறங்கிட்டாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

தங்கச்சியிடமும் அதையே சொல்லிவிட்டான். "அவராவா?" என்று அவள் ஒரே முறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

இன்றைக்கு முதல் கேள்வி வழக்கம்போலத் தொப்புள் சாருடையது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். முதல் மனிதன் தாய் வயிற்றில் பிறக்காதவன், அப்படியென்றால் அவனுக்குத் தொப்புள் இருந்ததா என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

"போன வாரம் தெரியலேன்னீங்க" என்றார் சார்.

"இந்த வாரமும் தெரியல சார். மேல போனதும் சட்டையைத் தூக்கிப் பாத்துட வேண்டியதுதான்."

சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் தங்கச்சி எழுந்தாள். உட்கார்ந்தே கேட்பதுதான் அங்கே பழக்கம்.

"கல்லறையில நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க பாஸ்டர். கர்த்தர் அனுமதிச்சாருன்னு. செஞ்சாருன்னு சொல்லல."

"ஆமாம்மா. தேவன் தீமை செய்யறவர் இல்ல." போதகர் முன்னால் சாய்ந்தார். "நல்லவரான தேவன் இப்படி ஒரு தீமையை ஏன் அனுமதிச்சார். இதைத்தானே கேக்குறீங்க?"

"இல்ல."

அந்த அறையில் யாரும் அதற்கு இல்லை என்று சொன்னதில்லை.

"அனுமதிச்சவர் பதில் சொல்லணுமா வேண்டாமான்னு கேக்குறேன். இவரு வேலை பாத்த எடத்துல ஒருத்தர் இறங்குன்னு சொல்லாம இன்னொருத்தர் தொட்டியில இறங்கக் கூடாது. சொன்னவருதான் பொறுப்பு. இங்கேயே அப்படின்னா, மேல எப்படி?"

சூப்பர்வைசரின் முழங்காலை மனைவியின் கை அழுத்தியது. அவன் எங்கும் அசைந்திருக்கவில்லை.

"மனுஷனுக்கு அவர் சுயசித்தம் குடுத்திருக்காரும்மா" என்றார் போதகர். நிதானமாகப் பேசினார். பல தடவை சொல்லிப் பழகிய பதில். "நம்மைப் பொம்மையா ஆட்டி வைக்கல. நம்ம முடிவை நாமே எடுக்க விட்டிருக்கார். எடுக்கிற முடிவுக்குப் பலனும்..."

"அவராத்தான் இறங்கினாருங்கிறீங்க."

"நான் உங்க வீட்டுக்காரரைச் சொல்லலம்மா."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

அவள் அண்ணன் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. போதகர் சொல்வதை ஒவ்வொன்றாக மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். அவர் செய்யவில்லை, அனுமதித்தார். முடிவு அவனவனுடையது. மேனேஜர் எழுதிக் கொடுத்ததைப் போதகர் படிப்பதுபோல இருந்தது. நாளைக்கு இதையே சொல்லலாம். கடவுளுக்கே பொருந்துகிற சமாதானம் தனக்குப் பொருந்தாமலா போகும்? கொஞ்சம் மூச்சு வந்தது.

"தொட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு கடவுளுக்குத் தெரியுமா?" என்றாள்.

"அவருக்குத் தெரியாதது இல்லம்மா."

"அப்ப சோதிக்காம இறக்கி விட்டவரை விடக் கடவுள் மோசம் இல்லையா? இறக்கி விட்டவருக்காவது தெரியாது."

வந்த மூச்சு போய்விட்டது. சோதிக்காமல். யார் சொன்னது இவளுக்கு? கருவி சார்ஜில் கிடந்தது அவனுக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியும். மூன்றாவது ஆள் மண்ணுக்குள் இருக்கிறான். யாரும் சொல்லியிருக்க முடியாது. அவளாக யோசித்து வந்து சேர்ந்திருக்கிறாள்.

தொப்புள் சார் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, ஆண்டவரைப் போய் மோசம் கீசம்னு..."

"இருக்கட்டும் சார். கேக்கட்டும்" என்றார் போதகர். அவருடைய முகத்தில் இருந்த தெளிவு கலைந்திருந்தது. "அவர் கல்லு மாதிரி பாத்துக்கிட்டு இருக்கிறவர் இல்லம்மா. இரங்குறவர்."

போதகர் சொன்னது சின்ன ர. ஆனால் அந்த அறையில் சின்ன ர, பெரிய ற என்று நாக்கை மாற்றி மடித்துப் பேசுகிறவர் ஒருவரும் இல்லை, போதகர் உட்பட.

"இறங்குறவரா?" தங்கச்சியின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "எங்க இறங்கினாரு?"

"ஐயோ, அது இல்லம்மா. இரக்கம். மனசு இரங்குறது. எழுதினா வேற எழுத்து."

"எழுதத் தெரியும் பாஸ்டர். காதுல ஒண்ணாத்தான் விழுது." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "மேல நின்னு இரங்கி என்ன பிரயோஜனம்? அதை யாரும் செய்யலாம். எங்க வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் அதைத்தான் செஞ்சாங்க. வந்தாங்க, உச்சுக் கொட்டினாங்க, போனாங்க. நான் பெரிய எழுத்தைத்தான் கேக்குறேன்."

மனைவி அவன் காதருகே வந்தாள். "எந்திரிங்க. வீட்டுக்குப் போலாம்."

"இரு."

"உங்களைத்தான் சொல்றா. புரியலையா?"

"புரியுது. இரு."

போதகர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். இம்முறை கேள்வியைத் திருப்பிச் சொல்லவில்லை.

"ஏன் தடுக்கலைன்னு எனக்குத் தெரியாதும்மா. கல்லறையில தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். பேசியிருக்கக் கூடாது. அனுமதிச்சாருங்கிற வார்த்தையை வச்சு அவரைத் தப்பிக்க விடப் பாத்தேன். அவரு கேக்காத தப்பிப்பு அது."

"அப்ப?"

"அப்ப, தெரிஞ்ச ஒண்ணே ஒண்ணைச் சொல்றேன். விழுந்தவங்க தானா விழுந்தாங்கன்னு சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்துச்சு. ஒருத்தரும் மறுத்துப் பேசியிருக்க முடியாது. அவர் அதைச் சொல்லல. நீங்க கேட்ட பெரிய எழுத்தைத்தான் செஞ்சார். இறங்கினார். நம்ம உடம்போட, நம்ம மூச்சோட. அந்த மூச்சு சிலுவையில முட்டி நின்னுச்சு. பழியையும் என் மேல போடுங்கன்னு வாங்கிக்கிட்டார்."

"அதனால எங்க வீட்டுக்காரரு திரும்பி வரப்போறாரா?"

"ஒரு நாள் எழுப்புவாருன்னு நம்புறேன். இன்னிக்கு வர மாட்டார்."

"எனக்கு இன்னிக்குத்தான் பாஸ்டர்."

"தெரியும்மா."

அவள் உட்கார்ந்தாள். பதில் போதுமா போதாதா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தொப்புள் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். போதகர் ஜெபிக்கலாம் என்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். சூப்பர்வைசர் மூடவில்லை. தானா விழுந்தாங்கன்னு சொல்லல. சேர்த்து வைத்த சமாதானமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் கைநழுவிவிட்டது. கண்ணைத் தூக்கியபோது எதிரே தங்கச்சியும் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். இந்தத் தடவை நேராக அவனைத்தான் பார்த்தாள். ஆமென் சொல்லும்வரை பார்த்தாள்.

வழியெல்லாம் மனைவி பேசிக்கொண்டே வந்தாள். நடந்ததைச் சொன்னால் வேலை போகும், கேஸ் போடுவார்கள், உள்ளே தள்ளினாலும் தள்ளுவார்கள், அப்புறம் நான் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்றாள். எதுவும் பொய்யில்லை.

மறுநாள் விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. அதிகாரி மெலிந்த மனுஷர், ஜலதோஷக்காரர். கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அன்னிக்கு அவர் இறங்கினப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "இவரு டீக்கு..."

"அவரைக் கேக்குறேன் சார்."

"மேல நின்னேன்" என்றான்.

மேனேஜர் நாற்காலி கிரீச்சிட்டது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப நீங்கதான் அவர் இறங்க அனுமதிச்சீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. உண்மையும் சொன்னதாகும். கேட்டான், விட்டேன் என்று பாதிப் பழி செத்தவன் தலையில் நிற்கும். அதைச் சொல்ல வாய் திறந்துவிட்டது. அங்கேயே நிறுத்தினான்.

"அனுமதிக்கல சார்."

மேனேஜர் முகம் மலர்ந்தது. "அதான் சார், நான் சொன்னேன்ல..."

"அவன் கேக்கவே இல்ல, நான் அனுமதிக்கறதுக்கு. நான்தான் இறங்குன்னு சொன்னேன். காத்தைச் சோதிக்காம சொன்னேன். கருவி சார்ஜில கிடந்துச்சு. போய் எடுத்துட்டு வரச் சோம்பல். அவன் நான் சொன்னதுக்காக இறங்கினான். அவனா இறங்கல."

அதிகாரி தும்மினார். பிறகு, "மறுபடி மொதல்லேருந்து சொல்லுங்க" என்றார். அவன் சொன்னான். இரண்டாம் தடவை சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். இல்லை.

வெளியே வந்தபோது தங்கச்சி கேட்டுக்கு வெளியே, காவல்காரரின் கூண்டை ஒட்டி நின்றிருந்தாள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள்.

"என்ன சொன்னே?"

சொன்னான். கருவி, சார்ஜ், சோம்பல், எல்லாம். மாப்பிள்ளை ஏணியில் நின்று சிரித்ததை மட்டும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதையும் சொன்னான். கேட்டதும் அவள் கூண்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். அவன் பிடிக்கப் போனான்.

"தொடாதே."

காவல்காரர் வேறு பக்கம் பார்த்தார். லாரி ஒன்று உள்ளே போனது. அது போய் முடியும்வரை இருவரும் நின்றார்கள்.

"நான் வீட்டுக்கு வரட்டுமா?" என்றான்.

"வராதே, அண்ணே." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப வராதே."

"எப்ப வரலாம்?"

"தெரியல. அதையும் என்னைக் கேக்காதே."

நடந்தாள். அண்ணே என்று கூப்பிட்டதை அவன் பிறகுதான் கவனித்தான். அடக்கத்துக்குப் பிறகு அவள் அப்படிக் கூப்பிட்டிருக்கவில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மேனேஜர் உள்ளிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். அவன் திரும்பி உள்ளே போனான்.