கொட்டாயில் கிடந்த மூங்கில்

கையில் இருக்கும் ஒரே கம்பு கெட்டுப்போய்விட்டது என்று தெரிந்தும் நீங்கள் போட்டிக்குப் போவீர்களா?

நான் போனேன். கம்பு ஊன்றித் தாண்டுவது என் விளையாட்டு. அந்தப் போட்டிக்குப் பிறகு மாநில சாதனையை இரண்டு தடவை உடைத்தேன். இப்போது பஞ்சாபில் ஒரு முகாமில் இருக்கிறேன். இங்கே தமிழ் பேச ஆள் இல்லை. பேட்டி எடுக்க வருகிறவர்கள் மாநில சாதனையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் முதலில் உடைத்தது மாவட்ட சாதனை. அதைத் தாண்டினால்தான் சென்னை முகாமில் இடம். வயது வரம்பின்படி எனக்கு அது கடைசி வருஷம்.

விடுமுறையில் பழகுவதற்காக, பயிற்சியாளர் சசிகலா மேடம் ஃபைபர் கம்பை மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்கே கொடுத்தனுப்பியிருந்தார். போட்டிக்கு முந்தின நாள் கீழே ஆலங்காயம் சந்தைக்குப் போய்விட்டு வந்து பார்த்தேன். கம்பு புளியமரத்தில் சாய்ந்திருந்தது. அதன் நுனியில் இரும்புக் கொக்கி.

"இன்னாப்பா பண்ண?"

"புளி உலுக்குனேன். எம்மாம் லேசா கீது. நம்ம கழியெல்லாம் இதுங்கிட்ட நிக்காது," என்றார் அப்பா அர்ச்சுனன்.

"கொக்கிய எதால கட்டுன?"

"கட்டுக்கம்பிதான். நல்லா முறுக்கி வுட்டேன்."

கம்பியை அவிழ்த்தேன். சுற்றிலும் கீறல். போனில் படம் அனுப்பியதும் மேடம் கூப்பிட்டார்.

"கீறல் வுழுந்த கம்பு வளையும்போது முறியும்டீ. நெஞ்சுல குத்திடும். பேர வாபஸ் வாங்கிடு."

"வேற கம்பு?"

"உன் வெயிட்டுக்கு எங்கிட்ட இல்ல."

அப்பா கொக்கியை எடுத்துக் கூரையில் செருகினார். நான் மாட்டுக் கொட்டாய்க்குப் போனேன். வாசலில் குறுக்கே போட்டிருந்த காய்ந்த மூங்கிலை உருவினேன். கணுக்களைச் சீவித் தேய்த்து, அடியில் துணி சுற்றினேன்.

"மாடு வெளிய பூடும்டி," என்றார் அப்பா.

"நீ குறுக்க நில்லு."

மறுநாள் மூங்கிலை பஸ் மேல் கட்டி மைதானத்துக்குக் கொண்டுபோனேன். வேலியோரம் நின்ற ஒருவர் கேட்டார்:

"இன்னாம்மா, பந்தக்கால் நட வந்தியா?"

"ஆமாண்ணா. சாப்ட்டுட்டுத்தான் போவணும்."

நடுவர் கோபால்சாமி மூங்கிலைத் தட்டிப் பார்த்தார்.

"இத வெச்சிலாம் தாண்டக் கூடாதும்மா."

"கூடாதுன்னு ரூல்ஸ்ல எங்க சார் போட்டுகீது?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார். கம்பு எதனால் செய்ததாகவும் இருக்கலாம் என்று இருந்தது.

"வுழுந்தா நான் பொறுப்பில்ல."

"நான் உங்கள கேக்கவே இல்லயே சார்."

மூங்கில் ஃபைபர் மாதிரி வளைந்து ஆளைத் தூக்கி எறியாது. ஊன்றிய அடி முழுக்கக் கையில் இறங்கும். மூன்று வாய்ப்புதான். முதல் தடவை குறுக்குக் கம்பியைத் தட்டிவிட்டேன். இரண்டாவது தடவை மேலே ஏறவே இல்லை. சசிகலா மேடம் ஓடிவந்து தோளைப் பிடித்தார்.

"கை நடுங்குது பாரு. போதும், வா."

"கைதான மேடம் நடுங்குது."

தோளை விடுவித்துக்கொண்டு கடைசித் தடவைக்கு ஓடினேன். ஊன்றியபோது வலது மணிக்கட்டில் ஏதோ சொடுக்கியது. கையை விடாமல் காலை மேலே வீசினேன். மெத்தையில் மல்லாந்து கிடந்து பார்த்தபோது குறுக்குக் கம்பி அசையாமல் இருந்தது. மாவட்ட சாதனையைவிட ஒரு விரல்கடை அதிகம்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். அந்தக் கையோடு போய் சென்னை முகாமில் சேர்ந்தேன்.